செம்பனை நிரையில் கிடைத்த ஆறு கற்கள்: எது பிளேடு, எது இல்லை?

தம்பி,

ஆறு கற்களின் படங்களும் வந்து சேர்ந்தன. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மறுநடவுக்காகப் பழைய செம்பனையைச் சாய்த்த நிரைகளில், ஆற்றோரமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்து பொறுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பிளேடு 1, பிளேடு 2 என்று 6 வரை பேர் வைத்து, பக்கத்தில் டென்மார்க்கின் கற்குத்துவாளையும் அமெரிக்காவின் குளோவிஸ் முனையையும் ஒட்டி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எது அசல்? எத்தனை வருசம் பழசு? ஆறாவது கல்லை ஒருவர் 300 வெள்ளிக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறில் இரண்டுதான் கற்கால மனிதன் கைபட்டது என்று எனக்குப் படுகிறது. அந்த இரண்டுமே பிளேடு இல்லை. கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்று, நீங்கள் ஒட்டியிருக்கும் வெளிநாட்டுப் படங்கள் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய பொருள்.

குழப்பம் அந்தப் ‘பிளேடு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. கூராக இருக்கும் எதையும் நாம் பிளேடு என்போம். தொல்லியலில் அப்படி இல்லை. பிளேடு என்பது தாய்க்கல்லில் இருந்து தட்டிப் பெயர்த்த ஒரு சில்லு. நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கும், இரண்டு ஓரமும் கிட்டத்தட்ட இணையாக ஓடும், முதுகில் அதே திசையில் ஒன்றோ இரண்டோ வரப்பு இருக்கும். ஏதோ ஒரு சில்லு தற்செயலாக நீளமாகப் பெயர்ந்துவிட்டால் அது போதாது. தாய்க்கல்லை முன்கூட்டியே சீவிப் பதப்படுத்தி, வாழைமட்டையை உரிப்பது போல ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி உரித்திருக்க வேண்டும். அதற்குக் கல்லும் ஒத்துழைக்க வேண்டும், கண்ணாடி மாதிரி உடைய வேண்டும். ஐரோப்பாவில் சுண்ணப் பாறைக்குள் சக்கிமுக்கிக் கல் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. நம் தீபகற்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே ஆற்றில் உருண்டு வருவது பெரும்பாலும் குவார்ட்சைட், வெள்ளைக் குவார்ட்ஸ். கெடாவிலும் வட பேராக்கிலும் செர்ட் பாறை, அதாவது சக்கிமுக்கியின் உறவுக்காரக் கல், உண்டு. டென்மார்க் படத்தை வைத்துக்கொண்டு இங்கே தேடுவது, பலாப்பழத்தின் படத்தோடு டுரியான் மரத்தடியில் காத்திருக்கிற கதைதான்.

இன்னொன்று. நீங்கள் ஒட்டிய அந்த இரண்டுமே கறாராகப் பார்த்தால் பிளேடு வகையில் சேராது. இரண்டும் இருமுகமும் செதுக்கி உருவாக்கியவை. டென்மார்க் குத்துவாள் சுமார் 4,000 ஆண்டுப் பழசு. குளோவிஸ் முனை சுமார் 13,000 ஆண்டு, அதன் அடிப்பக்கத்தில் நீளச் சில்லைப் பெயர்த்த வாய்க்கால் போன்ற தடம் இருக்கும். மலேசியாவிலேயே அப்படி இருமுகம் செதுக்கிய இலை வடிவ முனை பார்க்க ஆசை என்றால் சபாவில் திங்காயுவைப் பற்றித் தேடிப் படியுங்கள். அங்கே செர்ட் கல்லில் அழகழகாகச் செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையோரத்துத் தேரி மணலில் விரல் நகம் அளவுக்கு நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன, பிறை வடிவில்கூட உண்டு. ஊருக்குப் போய்வந்த சொந்தக்காரர் யாராவது அதன் படத்தைக் காட்டினால், அதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். மண் வேறு, கல் வேறு, பழக்கமும் வேறு.

(‘பிளேடு’ என்றே ஒருவர் இவ்வளவு நேரம் பிளேடு போடுகிறாரே என்று நினைக்க வேண்டாம். கற்களுக்கு வந்துவிட்டேன்.)

முதல் கல், கறுப்பாகப் பளபளப்பது. ‘அப்சிடியன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்சிடியன் எரிமலைக் கண்ணாடி, நம் தீபகற்பத்தில் அது இயற்கையாகக் கிடைக்கிற இடம் இல்லை. சபாவின் செம்பூர்ணா பக்கம் புக்கிட் தெங்கோராக்கில் அப்சிடியன் சில்லுகள் எடுத்திருக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்த்தபோது பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவின் தலாசியாவில் இருந்து வந்தது என்று தெரிந்தது. கடல்வழியே 3,000 கிலோமீட்டருக்கும் மேல். அப்படி வந்த பொருள் செம்பனை நிரையில் சும்மா கிடக்காது. உங்கள் கல்லின் உடைந்த முகத்தில் குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் தெரிகின்றன பாருங்கள், அவை காற்றுக் குமிழி. பேராக்கில் வெள்ளீயம் உருக்காத மூலை எது? இது உருக்கிய கசடு. குமிழி இல்லாமல், வெயிலுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் பச்சையோ பழுப்போ அடிக்கிறது என்றால் பழைய பாட்டிலின் அடிப்பாகம். இரண்டும் கையை நன்றாகவே வெட்டும். கற்காலம் இல்லை.

இரண்டாவது கல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், சிரித்தது உங்களைப் பார்த்து இல்லை. எனக்குப் பதினேழு வயதில் இதே மாதிரி ஒன்று கிடைத்தது. விரல் நீளம், சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் வழவழ. மெருகிட்ட கற்கருவி கண்டெடுத்துவிட்டேன் என்று லயத்து வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா முப்பது வருசம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, பெருவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "இது தீட்டுக்கல்லுடா. எந்தப் புள்ள கீழ போட்டுட்டுத் தேடிச்சோ" என்றார். அவ்வளவுதான், என் ஆராய்ச்சி அன்றைக்கு முடிந்தது.

பால்வெட்டுக் கத்தியின் வாய் மடிந்து வளைந்திருக்கும், அதன் உள்பக்கத்தைத் தீட்ட மெல்லிய, ஓரம் உருண்ட கல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக ரப்பர் நிரையில் இந்தக் கற்கள் தொலைந்திருக்கின்றன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையையும் இப்போது புரட்டுகிறார்கள், கற்கள் மேலே வருகின்றன. அடையாளம் சுலபம். தீட்டுக்கல் பயன்படப் பயன்பட நடுவில் குழியும். கற்கோடரியையும் வாய்ச்சியையும் தேய்த்து மெருகிட்டவன் அதைக் கல்லின் மேல் வைத்துத் தேய்த்தான், ஆகவே அதன் முகம் மெல்லப் புடைத்திருக்கும். ஒரு நேரான ரூலரை முகத்தின் மேல் வையுங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் தீட்டுக்கல். ரூலர் நடுவில் பட்டு இரு முனையிலும் ஆடினால் கவனமாகப் பார்க்க வேண்டிய கல். உங்கள் இரண்டாவது படத்தில் பக்கவாட்டில் எடுத்த காட்சியில் குழி எனக்கே தெரிகிறது. அதைப் பத்திரமாக வையுங்கள். அருங்காட்சியகத்துக்கு இல்லை, வீட்டுக்கு.

மூன்றும் நான்கும்தான் கஷ்டமான கற்கள். பார்க்க அசல் சில்லு மாதிரியே இருக்கின்றன. இங்கே கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் லாஸ்டிக்கில், அதாவது கவணில், கல் வைத்துக் கண்ணாடி ஜன்னலை உடைத்திருப்பீர்கள். முன்பக்கம் சின்னப் பொட்டு, பின்பக்கம் கூம்பு வடிவில் அகலமாகப் பெயர்ந்திருக்கும். கல்லும் அப்படித்தான். ஒரு புள்ளியில் அடி விழுந்தால் விசை கூம்பாக விரிந்து பாயும். விளிம்புக்கு அருகில் அடித்தால் அந்தக் கூம்பில் ஒரு பாதி சில்லோடு வந்துவிடும். அதனால் அடித்துப் பெயர்த்த சில்லில் நான்கு சங்கதி இருக்கும். அடி விழுந்த சிறு மேடை ஒன்று. அதற்குச் சற்றுக் கீழே, உள்முகத்தில், பெருவிரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பில் இருந்து குளத்தில் கல் போட்டது மாதிரி விரியும் அலை வளையங்கள். முதுகுப் பக்கம் முன்னால் பெயர்த்த சில்லுகளின் தழும்புகள். படத்தில் புடைப்பு தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பழகுங்கள்.

இந்த நான்கும் இருந்தால் ‘ஏதோ ஒன்று அடித்திருக்கிறது’ என்று தெரியும். யார் அடித்தது என்று தெரியாது. மறுநடவு பிளாக்கில் எக்ஸ்கவேட்டரின் இரும்புப் பல் கல்லில் மோதினாலும் இதே மேடை, இதே புடைப்பு, இதே அலை. கல்குவாரியில் அரைத்துத் தோட்டத்துச் சாலையில் கொட்டிய ஜல்லியிலும் வரும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதினாலும் எப்போதாவது வரும். முன்காலத்தில் காடு அழித்துத் தோட்டம் போட்டபோது மரங்களைச் சாய்த்துத் தீ வைத்தார்கள். அந்தச் சூட்டில் கல்லில் இருந்து வட்ட வட்டமாகச் சில்லு தெறிக்கும், தட்டு மாதிரி ஆழமில்லாத குழி விழும். அதில் மேடையும் இருக்காது, புடைப்பும் இருக்காது. ஆகவே நெருப்புச் சில்லைப் பிரிப்பது எளிது, இயந்திரச் சில்லைப் பிரிப்பதுதான் வித்தை.

இதில் நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கைக்கோடரி, அதாவது பிடி இல்லாமல் கையில் பிடிக்கும் இருமுகம் செதுக்கிய பழைய கற்காலக் கருவி, கிடைத்தது என்று ஆறு மாதம் ஊரெல்லாம் காட்டித் திரிந்தேன். பிறகு இந்தத் துறையில் உள்ள பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கல்லை வாங்கி, ஜன்னல் ஓரம் போய், சாய்வாகத் திருப்பி, ஒரே ஒரு கோட்டைக் காட்டினார். ஈயப் பென்சிலால் கிழித்தது மாதிரி மினுக்கும் சாம்பல் கோடு, அதன் ஒரு ஓரத்தில் மெல்லிசாகத் துரு. இரும்பு உரசிய தடம். ஆறு மாதம் என் அலமாரியில் இருந்த கல், நான் ஒரு நாளும் அப்படிச் சாய்த்துப் பார்க்கவில்லை. உங்கள் நான்காவது கல்லின் இடது ஓரத்தில் அதே மாதிரிக் கோடு இருப்பதாகச் சந்தேகப்படுகிறேன். காந்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

கோடு இல்லாவிட்டாலும் நிறம் காட்டிக் கொடுக்கும். மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருசம் கிடந்த உடைப்பு முகம் மங்கி, மண்ணின் சாயமேறி, கூர் லேசாக மழுங்கியிருக்கும். உங்கள் மூன்றாவது கல்லின் மேல்தோல் காவி நிறம், உடைந்த முகம் சர்க்கரைக் கட்டியை இப்போதுதான் உடைத்த மாதிரி வெளேர் என்று இருக்கிறது. அது போன வருசத்துக் காயம். மூன்றையும் நான்கையும் தள்ளிவிடலாம்.

ஐந்தாவது கல்லுக்கு வருவோம். குவார்ட்சைட், உள்ளங்கையில் பாதி. உள்முகத்தில் புடைப்பு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதுகில் மூன்று தழும்பு, அதில் ஒரு மூலையில் ஆற்றுக்கல்லின் வழவழப்பான தோல் அப்படியே மீதி இருக்கிறது. நான்கு முகமும் ஒரே மங்கல் நிறம். ஒரு ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னதாக, பக்கத்துக்குப் பக்கம், ஒரே திசையில் கொத்திய வரிசை. ஆற்றில் உருண்ட கல்லில் கொத்து எல்லா ஓரத்திலும் கண்டபடி விழுந்திருக்கும். இது ஒரு ஓரத்தை மட்டும் தேர்ந்து திருத்தியிருக்கிறது. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் மனிதன் செய்தது என்றே கட்டுவேன். அகலத்தைவிட நீளம் கொஞ்சம்தான் அதிகம் என்பதால் பிளேடு இல்லை, சில்லு.

‘வெறும் சில்லா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்த நாட்டின் கற்காலப் பெருமை முக்கால்வாசி இந்த மாதிரிச் சில்லிலும் கூழாங்கல்லிலும்தான் நிற்கிறது. கோலகங்சாரைத் தாண்டி கிரிக் போகும் சாலையில் இருக்கும் லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில் 1938இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த காலிங்ஸ் முதலில் கற்கருவிகளை எடுத்தார். அதுவும் ஒரு ரப்பர் தோட்டம்தான். நம் ஆட்கள் பால் வெட்டின நிலத்துக்கு அடியில்! பிறகு 1987இல் சுராய்னா மஜித் அங்கே தோண்டியபோது கருவி செய்த பட்டறையே அப்படியே கிடந்தது. அடைகல், சுத்திக்கல், தாய்க்கல், சில்லு, குப்பை எல்லாம் போட்டது போட்டபடி. சுமத்திராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது வந்த சாம்பலோடு அந்தப் பட்டறை சேர்ந்து கிடந்தது.

இதே பள்ளத்தாக்கில் புக்கிட் புனோவில் கைக்கோடரி கிடைத்தது. விண்கல் விழுந்து உருகிய பாறைக்குள் சிக்கியிருந்த அதன் வயது 18.3 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கை எல்லா ஆய்வாளரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனால் அதன் பின்னால் நமக்கு நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. 1863 மே 30இல் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது. பிற்பாடு அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழுவினர் கணித்தார்கள். 1940களில் ஹாலம் மோவியஸ் என்ற அமெரிக்கர் உலக வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்கு மேற்கே ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இந்தியா எல்லாம் கைக்கோடரி செய்த உலகம். கிழக்கே பர்மா, மலாயா, ஜாவா எல்லாம் கூழாங்கல்லின் ஒரு முனையை உடைத்துப் பயன்படுத்திய உலகம். கிழக்குப் பக்கத்துக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று நம் கோத்தா தம்பான். புக்கிட் புனோவின் கைக்கோடரி கிடைத்ததும் அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். நம் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியபோது அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் தாண்டினார்கள்.

கிழக்கே கருவி ஏன் இவ்வளவு எளிமை என்பதற்கு, இங்கே மூங்கில் இருந்தது, மூங்கிலைப் பிளந்தாலே கத்தி, அதைச் சீவ ஒரு கற்சில்லு போதும் என்று ஒரு விளக்கம் உண்டு. மூங்கில் மக்கிப் போகும், சில்லு மட்டும் மிஞ்சும். நான் இதை ஓரளவு நம்புகிறேன். நம்பக் காரணம், செய்து பார்த்தேன். ஆற்றுக் குவார்ட்சைட் ஒன்றை இன்னொரு உருண்டைக் கல்லால் தட்டிச் சில்லெடுத்து மூங்கிலைச் சீவினால் பென்சில் சீவுவது மாதிரிச் சுருள் சுருளாக வருகிறது. நீங்களும் செய்து பாருங்கள், நூறு படம் பார்ப்பதைவிட அது மேல். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கீழே சாக்கு விரியுங்கள். முடிந்ததும் சாக்கில் விழுந்த அத்தனை சில்லையும் வீட்டுக் குப்பையில் போடுங்கள். தோட்டத்திலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். இருபது வருசம் கழித்து இன்னொரு தம்பி அதைப் பொறுக்கிக்கொண்டு எனக்கு எழுதுவார்.

இப்போது ஆறாவது கல். படத்தைப் பெரிதாக்கி நான் அரை மணி நேரம் பார்த்த கல் இது.

நீளம் 62 மில்லிமீட்டர், வாய் அகலம் 41, கனம் 18 என்று அளந்து அனுப்பியிருக்கிறீர்கள், நல்ல வேலை. கரும்சாம்பல் நிறம், மணி தெரியாத நைசான கல். ஒரு முனை சாணை பிடித்த வாய், மறுமுனை குறுக்கே முறிந்திருக்கிறது. நீங்கள் ‘கோடாலி பிளேடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். கோடாலி இல்லை, வாய்ச்சி. தச்சு வேலை செய்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால் கேளுங்கள். கோடாலியின் வாய் பிடிக்கு நேராக இருக்கும், இரண்டு பக்கமும் சமமாகச் சாணை பிடித்திருப்பார்கள். வாய்ச்சியின் வாய் பிடிக்குக் குறுக்கே இருக்கும், மண்வெட்டி மாதிரி. சாணை ஒரு பக்கம்தான். உங்கள் மூன்றாவது கோணப் படத்தில் மேல்முகம் வாய்வரை நேராக ஓடுகிறது, கீழ்முகம் வாய்க்கு ஒரு விரற்கடை முன்னால் சட்டென்று சரிந்து மேலே ஏறுகிறது. அந்தச் சரிவுதான் ஒருபக்கச் சாணை. துளை எதுவும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். துளை வேண்டாம். முழங்கை மாதிரி வளைந்த கிளையின் முனையில் வைத்து ரோத்தான் பிரம்பால் இறுக்கிக் கட்டினால் போதும்.

முறிந்த முனையைப் பாருங்கள். அங்கே குறுக்குவெட்டு தெரியும். அது செவ்வகமாக, மூலைகள் கொஞ்சம் மழுங்கி இருந்தால், தென்கிழக்காசியா முழுக்கக் கிடைக்கிற நாற்கட்டு வாய்ச்சி. முக்கோணமாக, முதுகில் கூரை மாதிரி வரப்போடு வாய் அலகு போலக் கூம்பி இருந்தால் அது அலகு வாய்ச்சி, நம் தீபகற்பத்துக்கும் தென் தாய்லாந்துக்கும் உரிய வகை. உங்களுடையது செவ்வகம் என்றே படுகிறது. இந்த முறிவும் பழைய முறிவா, இயந்திரம் முறித்ததா என்பது முக்கியம். முறிந்த முகத்தின் நிறமும் மேல்முகத்தின் நிறமும் ஒன்றா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புது முறிவு என்றால், மீதிப் பாதி அதே நிரையில் எங்கோ கிடக்கிறது.

பஹாங்கின் தெம்பெலிங் ஆற்றுப் பக்கம் கிடைக்கும் மெருகிட்ட தட்டைக் கற்கத்தியோடு இதை ஒப்பிட்டு யாராவது சொல்லக்கூடும். அது வேறு. அது மெல்லிசு, வெட்டுவாய் நீளவாக்கில் ஓடும். கனம் 18 மில்லிமீட்டர் உள்ளது கத்தி ஆகாது.

வயது? இந்த வகை வாய்ச்சி புதிய கற்காலத்தது. நம் தீபகற்பத்தில் அது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இரும்பு பரவும்வரை. இதற்கு மேல் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். கல்லுக்கு வயது அதன் உடம்பில் இல்லை, கிடந்த மண்ணில் இருக்கிறது. கோத்தா தம்பான் கருவிகளுக்கே முதலில் 31,000 ஆண்டு என்றார்கள், பிறகு சாம்பல் தோபாவுடையது என்று தெரிந்ததும் 74,000 ஆனது. கல் மாறவில்லை, சாம்பலின் கணக்கு மாறியது. உங்கள் ஐந்தாவது சில்லுக்கு இதைவிட மோசம். குவார்ட்சைட் சில்லைப் பழைய கற்காலத்தவனும் பெயர்த்தான், லெங்கோங் குகையில் எலும்புக்கூடாகக் கிடைத்த பேராக் மனிதனின் காலத்து ஹோபின்ஹியர்களும் (கூழாங்கல் கருவி செய்த வேட்டைக்காரர்கள்) பெயர்த்தார்கள், வாய்ச்சி செய்தவனும் பெயர்த்தான். எந்த ஆழத்தில், எந்த நிற மண்ணில், பக்கத்தில் பானையோடு இருந்ததா கரி இருந்ததா என்று தெரியாமல் அதற்கு வயது சொல்ல முடியாது. எக்ஸ்கவேட்டர் மண்ணைப் புரட்டிய அன்றைக்கே பாதிப் பதில் போய்விட்டது. மீதிப் பாதி, நீங்கள் எந்த நிரையில் எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. ஆறு கல்லையும் ஒரே மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, இன்றைக்கே பிரியுங்கள். தனித்தனிப் பை, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. தேதி, பிளாக் எண், ஆற்றில் இருந்து எத்தனை நடை, கைப்பேசி காட்டும் இடக்குறி. கல்லின் மேல் எழுத வேண்டாம். பிரஷ் போட்டுக் கழுவ வேண்டாம், எண்ணெய் பூச வேண்டவே வேண்டாம். வாயில் ஒட்டிய மண்ணிலும் செய்தி இருக்கலாம்.

இனி அந்த 300 வெள்ளி. கொடுக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம், சட்டம் 645, இந்த மாதிரிப் பொருளைக் கண்டெடுத்தவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. கோலகங்சாரில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம், மூன்று படம், இடக்குறி, அவ்வளவே. தோட்ட நிர்வாகத்துக்கும் முதலில் சொல்லிவிடுங்கள், அவர்கள் நிலம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகளாவியத் தொல்லியல் ஆய்வு மையம் இருக்கிறது, லெங்கோங் ஆய்வுகள் பலவும் அங்கிருந்து நடந்தவைதான். கல்லை ஒப்பிட்டுப் பார்க்க ஆசை என்றால் இணையத்து டென்மார்க் படத்தை விட்டுவிட்டுத் தைப்பிங்குக்குப் போங்கள். 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழையது. பிறகு லெங்கோங்கில் உள்ள காட்சிக்கூடம். உங்கள் அளவுகளை எழுதிக்கொண்டு போய், கண்ணாடிக்குள் இருக்கும் வாய்ச்சிகளின் ஒருபக்கச் சாணையைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

அதே பிளாக்கில் இருக்கும் முனியாண்டி மேடையிலும் இப்படி ஒரு கல் மஞ்சள் பூசி நிற்கிறது, எடுத்துப் பார்க்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். மலாய்க்காரர்கள் இந்த வாய்ச்சிகளை ‘பத்து லிந்தார்’, அதாவது இடியோடு விழுந்த கல் என்பார்கள், ராசி என்று வீட்டில் வைத்திருப்பார்கள். சேலம் பக்கம் சேர்வராயன் மலையிலும் மெருகிட்ட கற்கோடரிகளைப் பிள்ளையார் முன் வைத்துக் கும்பிட்டதை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலம் திருத்தும்போது கிடைத்ததை யாரோ ஒரு பாட்டி கொண்டுவந்து சாமிக்கு வைத்திருக்கலாம். பூசாரியிடம் கேட்டு, நின்ற இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். கை வைக்க வேண்டாம்.

சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் குகை வாசலில் நத்தை ஓடு குவியலாகக் கண்டாலும் அப்படித்தான், தொடாமல் படம் மட்டும். மலாயில் சிப்புட் என்றாலே நத்தை. பேராக் மனிதன் கிடைத்த குனோங் ருந்து குகையிலும் ஆற்று நத்தை ஓடு குவிந்துதான் கிடந்தது, 10,000 ஆண்டுக்கு முந்தைய சாப்பாட்டு மிச்சம். அங்கே ஒரு கல்லை உருவினாலும் குவியல் கலையும்.

இப்போதைக்கு எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும். ஆறாவது கல்லின் முறிந்த முனை, நேர் எதிரில் இருந்து. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கை இடப்பக்கம் தாழ்வாக, மேசையோடு ஒட்டினாற்போலப் பிடித்து எடுங்கள். நிறம் ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிட்டால், அடுத்த மழைக்கு முன்னால் அந்த நிரையில் மீதிப் பாதியைத் தேடலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவேன்.